எதிர்ப்பு சக்தி ஊசி

அழகு சிகிச்சைக்குப் பேர்போன அப்குஜோங்கில் இருந்த ஒரு தோல் மருத்துவமனையில் தாக் ஹேரிம் டாக்டராக வேலை பார்த்தாள். கைராசிக்காரி என்று பெயர். இடத்தின் முதலாளி டாக்டர் குக் சாங்பே. ஊசி பிடிப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். பேச்சுதான் இப்போது அவருக்குத் தொழில்.

கன்னம் வற்றிப்போனவர்களுக்குப் போடும் ஹயலூரானிக் அமில ஊசிக்கு அந்த வசந்தத்தில் அவர் புதுப்பெயர் சூட்டினார்: எதிர்ப்பு சக்தி ஊசி. உடம்பில் ஏறிய துருவைத் துடைத்துவிடும், சளி காய்ச்சல் கிட்டே வராது என்று லிஃப்டுக்குள்கூட போஸ்டர் ஒட்டியாயிற்று. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் அந்த அமிலம் செய்ததை வைத்துக்கொண்டு மனுஷருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று ஹேரிம் சொல்லிப் பார்த்தாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். குத்திய குச்சியை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பியோன் கும்சுன் அப்போதுதான் வந்தாள். மாங்வான் சந்தையில், பன்றிக்குடலில் ரத்தம் அடைத்து வேகவைக்கும் ரத்தக்குடல் சூப் கடை நடத்துபவள், புருஷன் இல்லை, வாய் கொஞ்சம் நீளம். இலையுதிர்காலத்தில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி பக்கத்தில் எல்லாரும் பளபளவென்று இருக்கிறார்களாம். ஹேரிம்தான் ஊசி போட்டாள். முகம் நன்றாகவே வந்தது. கல்யாணம் உனக்கா மகளுக்கா என்று சந்தையில் கேலி செய்தார்கள் என்று கும்சுன் வந்து பெருமையாகச் சொன்னாள்.

வெயில் தணிந்ததும் ஊரெல்லாம் ஃப்ளூ. கும்சுனும் படுத்தாள். காய்ச்சல் விட்டது, கன்னம் வீங்கியது. மருத்துவமனைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து கட்டி கட்டியாக நின்றது. ஹேரிம் தொட்டுப் பார்த்தாள். சுட்டது, வேகாத கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தது. ஒன்றில் ஊசியால் குத்தி இழுத்ததும் கலங்கலாக, கொழகொழவென்று ஏதோ வந்தது.

"காய்ச்சலை அடிக்க எழுந்த உடம்பும்மா. கன்னத்துல இருக்கற மருந்தையும் எதிரின்னு நெனச்சு அடிக்குது. முழுசா இருக்கற வரைக்கும் அது சாது. துண்டு துண்டா உடைய ஆரம்பிச்சா உடம்பச் சீண்டி விட்டுரும். எல்லாருக்கும் வராது, சில பேருக்கு இப்படி ஆகும்."

"எதிர்ப்பு சக்தின்னு சொல்லித்தானே போட்டீங்க டாக்டரம்மா," என்றாள் கும்சுன். "சரிதான். என்னையே எதிர்க்குது."

சத்தம் கேட்டு டாக்டர் குக் உள்ளே வந்தார். கறிக்கடையில் தொடையைத் திருப்பிப் பார்ப்பதுபோல கும்சுனின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே சக்தி விழித்துக்கொண்டதற்கு அடையாளம் இது, இன்னும் இரண்டு ஊசி போட்டால் சமனாகிவிடும் என்றார். போனில் படம் எடுத்தார். விரலில் பட்ட ஈரத்தை அவள் தோளில் கிடந்த துண்டிலேயே துடைத்துக்கொண்டார்.

இன்னொரு ஊசியை ஹேரிம் போடவில்லை. முதலில் கிருமிக்கு மாத்திரை கொடுத்தாள். சூடு தணிந்ததும், போட்ட மருந்தைக் கரைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த ஆரம்பித்தாள்.

அந்தப் படத்தை ஹேரிம் மறுபடி பார்த்தது காத்திருப்பு அறையின் பெரிய திரையில். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. வீங்கிய முகத்துக்குக் கீழே 'ஊசிக்கு முன்'. வசந்தத்தில் எடுத்த நல்ல முகத்துக்குக் கீழே 'ஊசிக்குப் பின்'. அடுத்த முறை கும்சுன் வந்தபோது ஹேரிம் அவளைத் திரைமுன் கூட்டிப்போய்க் காட்டினாள். ஊசி விற்கும் கூட்டத்தை அந்த ஆள் அடுத்து எப்போது போடுவான் என்று மட்டும் கும்சுன் கேட்டாள்.

சனிக்கிழமை அரிசிக் கேக்கெல்லாம் வைத்துப் பெண்களைக் கூட்டி உட்கார்த்தி டாக்டர் குக் பேசிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு படங்களும் திரையில் வந்தன. முன்வரிசையிலிருந்து கும்சுன் எழுந்து மாஸ்க்கைக் கழற்றினாள்.

"ரெண்டு மூஞ்சியும் என்னுதுதான். வரிசைதான் மாறிப்போச்சு."

பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். "தொட்டுப் பாருங்க தங்கச்சி. இதத்தான் விக்கறாரு." அந்தப் பெண் கையை வெடுக்கென்று இழுத்து, கைக்குட்டையால் விரல்விரலாகத் துடைத்தாள்.

டாக்டர் குக் சிரித்தார். அக்காவுக்கு மனசு சரியில்லை என்றார். கதவோரம் நின்ற ஹேரிமைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க டாக்டர் தாக்," என்றார்.

"அவங்க சொல்றது நெசம்," என்றாள் ஹேரிம். "ஊசி போட்டது நான். வீங்கினது அதுக்கப்புறம்."

பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் அரிசிக் கேக்கையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டார்கள்.

ஹேரிம் வேலையை விட்டாள். சுகாதார அலுவலகத்தில் புகாரும் கொடுத்தாள். படம் இறங்கியது. குளிர்காலத்துக்குள் அதே ஊசி 'ஒளி ஊசி' என்ற புதுப்பெயரோடு லிஃப்ட் போஸ்டரில் ஏறியது. அவர் சொன்ன அதே துரு, அதே சக்தி.

கட்டிகளோடு கும்சுனின் கன்னமும் கரைந்துபோயிற்று. தொங்கிய முகத்தில் கனமாக மேக்கப் பூசிக்கொண்டுதான் மகள் கல்யாணத்தில் நின்றாள். இடது கன்னத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று மட்டும் கரையவில்லை.

ஹேரிம் இப்போது இஞ்சோனில் தீக்காயப் பிரிவில் இருக்கிறாள். அவ்வப்போது மாங்வான் போவாள். கும்சுன் காசு வாங்காமல் கிண்ணம் நிறைய வைப்பாள். ஹேரிமுக்குக் குடல் துண்டு தொண்டையில் இறங்குவதில்லை. ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சூப்பை மட்டும் குடிப்பாள்.

"காசு குடுத்துத் திங்கறவங்களுக்கு இல்லாத அருவருப்பு," என்று கும்சுன் அதை வழித்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்வாள்.