எஞ்சின் நிற்கும் முன்

முத்தலிப் நானா ஓட்டும் வான் வண்டியில் சிகரட் பற்றவைக்கும் ஓட்டைக்கு வேறு உத்தியோகம் கிடைத்திருந்தது. நிவாரண நிறுவனம் கொடுத்த, வண்டிக் கரண்டை மாற்றித் தரும் இன்வேட்டரின் மூக்கை அவர் அதில் செருகியிருந்தார். மூக்கு கொஞ்சம் சிறிசு. அது ஆடாமலிருக்கப் பக்கத்தில் இரண்டு தீக்குச்சிகளை முறித்து இறுக்கியிருந்தார். அங்கிருந்து புறப்பட்ட வயர் பின் சீட்டுக்குப் போய், ஸல்ஹாவின் மடியிலிருந்த லெப்டொப்பில் முடிந்தது. எந்த நாட்டிலோ யாரோ பாவித்துச் சலித்துத் தர்மமாகக் கொடுத்த லெப்டொப் அது. அதன் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். எஞ்சின் நின்றால் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிடும்.

திருகோணமலைத் தெருக்கள் அந்த மாரியில் தெருக்களாக இல்லை. வான் குழியில் விழுந்தால் தீக்குச்சி நழுவும், அதுவரை லெப்டொப்பில் அடித்ததெல்லாம் போய்விடும். முதல் வாரத்தில் இப்படி நாற்பது குடும்பங்களின் விவரங்கள் போயின. அதன் பிறகு முத்தலிப் ஓர் ஏற்பாடு செய்தார். குழியைக் கண்டதும் முன்னாலிருந்து "பள்ளம்!" என்று கத்துவார். ஸல்ஹா உடனே இரண்டு விரல்களால் இரண்டு விசைகளை அழுத்தி, அடித்ததைப் பதிந்துவிடுவாள். ஒரு நாள் அவர் "எருமை!" என்று கத்த, அவள் அதற்கும் அழுத்தினாள். அன்றைக்கு இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். களக்கடமை அதிகாரி கனகமணி மிஸ், இந்த வண்டியில் வேலை பார்க்கிறவர்களுக்கு மறை கழன்றுவிட்டது என்று சொல்லித் தானும் சிரித்தார்.

அடிப்பது பேர்கள்தான். இடம்பெயர்ந்தவர்கள், காயப்பட்டவர்கள், செத்தவர்கள், காணாமற்போனவர்கள். தாளில் எழுதலாமே என்று கேட்பவர்கள் அந்த நாட்களில் அங்கே சீவித்திருக்கமாட்டார்கள். பேர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இராணுவம் மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றியைத் தாண்டுவதும் சரி, நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு போவதும் சரி.

பட்டியலில் முதலாம் வரி ஸல்ஹாவின் கணவன் மஹ்ரூப். வேலை பழக்கிய அன்று கனகமணி, "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை அடிச்சுப் பாருங்கோ" என்றார். அவள் அவனை அடித்தாள். கடைசிக் கட்டத்தில் 'காணாமற்போனவர்' என்று போட்டாள்.

அந்த ஓகஸ்டில் மூதூரில் ஷெல் விழுந்து ஊரே கந்தளாய்ப் பக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான சனத்தோடு ஸல்ஹாவும் மஹ்ரூபும் அவனுடைய உம்மா உம்மு குல்சுமும் நடந்தார்கள். தோப்பூரைத் தாண்டும்போதுதான் உம்மு குல்சும் நெஞ்சு வருத்தத்துக்குப் போடுகிற குளிசைப் பையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. "நீங்க நடங்க, நான் எடுத்திட்டு ஓடி வாறன்" என்று திரும்பியவன்தான். மற்றவர்கள் கந்தளாய்க்குப் போய், பிறகு கிண்ணியாவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் எங்கும் வந்து சேரவில்லை.

மௌலவி ஸெய்னுதீனிடம் கேட்டார்கள். புருசன் மௌத்தானால், இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது, அலங்காரம் கூடாது, அங்கத்தைய வழக்கப்படி வெள்ளை உடுக்க வேண்டும். ஆனால் காணாமற்போனவன் மௌத்தானவன் இல்லை, இத்தா இல்லை என்று மௌலவி சொன்னார். "எப்பயாவது செய்தி வந்தா, மௌத்தான நாளில இருந்து கணக்கு. செய்தி வந்த நாளில இருந்து இல்ல."

உம்மு குல்சும் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. "நீ வெள்ளை உடுத்தா என்ட மகனை நாமளே கொன்று போட்ட மாதிரி" என்றாள். நோன்புப் பெருநாளுக்குக் கிளிப்பச்சைச் சல்வார் வாங்கி வந்து, பிடிவாதமாக மருமகளின் கைக்கு மருதோன்றியும் வைத்தாள். புருசனைக் காணோம், இவ பச்சையும் உடுத்து வானில் பவனி போறா என்று தெருவில் கதை. கதைக்கிறவர்களின் வாயில் மண் விழட்டும்! மாதச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கதைப்பார்கள்.

ஸல்ஹாவுக்கு அந்தக் கதையும் உறைக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர்கள் சாம்பல்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த சனம் அங்கே தங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லை. முத்தலிப் வானை வேப்பமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார். சனம் வரிசையாக வான் கதவடிக்கு வந்தது. கனகமணி கேட்க, ஸல்ஹா அடித்தாள்.

மத்தியானம் போல செல்லத்தம்பி என்றொருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், வயல்காரர். வீடு போனது, எருமை போனது எல்லாம் சொன்னார். கனகமணி பதினேழாவது கேள்விக்கு வந்தார்.

"வேற ஆரும் செத்ததைக் கண்டனீங்களோ ஐயா?"

"ஒருத்தரை மண்ணுக்குள்ள தாட்டனாங்கள். அது கண்டதுக்குள்ள வருமோ?"

அந்த நேரம் பார்த்துச் சவர்க்காரம் பங்கிடும் இடத்தில் சண்டை மூண்டது. "நீங்கள் கேட்டு அடியுங்கோ ஸல்ஹா" என்று சொல்லிவிட்டுக் கனகமணி அங்கே ஓடினார்.

செல்லத்தம்பி ஸல்ஹாவின் தலையில் சுற்றியிருந்த முக்காட்டைப் பார்த்தார். "உங்கட ஆள்தான் தங்கச்சி. ஓகஸ்ட் நாலாந்திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம். எருமை தேடிக்கொண்டு தோப்பூர்ப் பக்கம் போன இடத்தில வாய்க்கால் கரையில கிடந்தார். ஷெல் பீஸ் பட்டிருந்தது. நானும் மச்சானுமாக் கிடங்கு வெட்டித் தாட்டம். உங்கட முறையொண்டும் எங்களுக்குத் தெரியாது. தலையை எந்தப் பக்கம் வைக்கிறதெண்டும் தெரியேல்ல. குறை நினைக்காதேங்கோ."

"பேர் தெரியுமா?"

"அடையாள அட்டை இருந்தது. பேர் தண்ணி போய் அழிஞ்சிட்டு, நம்பர் மட்டும் வடிவாத் தெரிஞ்சுது. அடுத்தவன்ர அட்டையை வச்சுக்கொண்டு நான் எந்தச் சென்றியைத் தாண்டுறது? அவரோடயே வச்சுத் தாட்டுப்போட்டு நம்பரைப் பாடமாக்கினனான். பொழுதுபட்டு விளக்கு வைக்கேக்க ஒவ்வொரு நாளும் ஒருக்காச் சொல்லிப் பாப்பன். நான் மறந்தனெண்டா அந்தாளுக்கு ஒருத்தரும் இல்லாமப் போயிடும்."

"சொல்லுங்க."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல நிமிர்ந்து நின்று சொன்னார். "ஏழு. பூச்சியம். ஒண்டு. நாலு…"

ஸல்ஹாவின் விரல்கள் அவரை முந்திவிட்டன. மஹ்ரூபைத் தேடிப் பொலிசிலும் அரசாங்கக் கச்சேரியிலும் எத்தனை படிவங்களில் எழுதிய இலக்கம் அது. அவர் ஆறாவது எண்ணைச் சொல்லும்போது அவள் ஒன்பது எண்களையும் அடித்து முடித்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். எங்காவது ஓர் எண் மாறட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் மாறவில்லை.

கட்டம் சிவப்பானது. ஒரே ஆள் நிவாரணத்துக்காக இரண்டு இடத்தில் பதிந்தால் கண்டுபிடிப்பதற்காகக் கொழும்பு அலுவலகத்தில் செய்து வைத்த வேலை அது. ஒரே இலக்கம் இரண்டு முறை விழுந்தால் இரண்டு வரியும் சிவக்கும். ஒன்றை அழிக்க வேண்டும். சிவப்போடு நாளை முடிக்கக்கூடாது என்பது உத்தரவு.

"பக்கத்தில ஏதும் கிடந்திச்சா?" என்று கேட்டாள். குரல் மற்ற எல்லாரிடமும் கேட்டது போலவே வந்தது.

"ஒரு சின்னப் பை. உள்ளுக்கக் குளிசை. அதையும் வச்சுத்தான் மூடினனாங்கள்." அவர் எட்டித் திரையைப் பார்த்தார். "எழுதியாச்சோ தங்கச்சி?"

"எழுதியாச்சு."

"அழியாதே?"

"அழியாது."

"அப்ப இனி நான் மறக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வரிசையை விட்டுப் போனார். தோளிலிருந்து நெல் மூட்டையை இறக்கியவர் மாதிரி நடந்தார். தான்தான் மனைவி என்று அவள் சொல்லவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கையையாவது பிடித்திருக்கலாம். "அடுத்த ஆள் வாங்க" என்று சொன்னாள். அதன் பிறகு முப்பத்தொரு குடும்பங்களை அடித்தாள், ஒரு பிழை இல்லாமல்.

பின்னேரம் நகரத்தில் இறங்கும்போது கனகமணி வழக்கம் போலக் கேட்டார். "இண்டைக்குச் சிவப்பு விழுந்ததோ?"

"ஒண்டு விழுந்திச்சு மிஸ்."

"பிழையான வரியைப் பாத்து அழிச்சுவிடுங்கோ என்ன."

எது பிழை? வான் கிண்ணியாத் துறையை நோக்கி ஓடியது. ஸல்ஹா மடியில் திரையை வைத்துக்கொண்டிருந்தாள். கீழே 'செத்தவர்' என்று ஒரு சிவப்பு, மேலே 'காணாமற்போனவர்' என்று ஒரு சிவப்பு. கீழேயுள்ளதை அழித்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. செல்லத்தம்பி மறந்துவிடுவார். மாமி அடுத்த பெருநாளுக்கும் மகனுக்குச் சாறன் எடுத்து வைப்பாள். மேலேயுள்ளதை அழித்தால், தன் குளிசைப் பைக்காகத்தான் மகன் போனான் என்பது மாமிக்கு முடிந்த கதையாகிவிடும். அந்த நெஞ்சு தாங்குமா?

"பள்ளம்!" என்றார் முத்தலிப். அவள் அழுத்தினாள். இரண்டு சிவப்பும் பதிந்தன.

கிண்ணியாத் துறையில் வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறினால் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். நேவிக்காரனின் சட்டம். அதனால் அன்றாட வேலை முடிவது அந்தக் கரையில்தான். வரிசையில் முன்னால் ஒரு லொறி மட்டும் நின்றது.

"தங்கச்சி, எஞ்சினை நிப்பாட்டப்போறன். எல்லாம் சரியா?"

"ஒரு நிமிசம் நானா."

யாரோ முன்பின் தெரியாத மனிசன் நூற்றுச் சொச்சம் நாள் அந்த இலக்கத்தைச் சுமந்திருக்கிறார். அழியாது என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. அவள் மேலே போய் முதலாம் வரியை அழித்தாள். கீழேயிருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறினார்கள். கீழே மிஞ்சிய சிவப்பு தானாக வெள்ளையானது. இரண்டு விரல்களால் அழுத்தினாள்.

"சரி நானா."

எஞ்சின் நின்றது. திரை கறுத்தது. மிதவை நகர்ந்தபோது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஸல்ஹா இத்தாவின் நாளை விரல் விட்டு எண்ணினாள். ரஜப் மாதம் பிறை ஒன்பதில் போனவர். ஷஃபான், ரமழான், ஷவ்வால், துல்கஃதா. மேலே ஒரு பத்து நாள். மறுபடி எண்ணினாள். போன மாதம் பத்தொன்பதாம் பிறையோடு எல்லாம் முடிந்திருந்தது. பதினாறு நாள் கடந்துவிட்டது.

மருதோன்றி வைத்தது அதற்குள். கிளிப்பச்சை உடுத்தது அதற்குள். எருமைக்குச் சிரித்ததும் அதற்குள்தான். அவளுடைய இத்தா முழுவதும் இந்த வானின் பின் சீட்டில், எஞ்சின் சத்தத்தில் ஓடி முடிந்திருந்தது. ஒரு நாள்கூட அவள் இருக்கவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வராதது அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் உம்மு குல்சும் நின்றாள். தினமும் கேட்பதைத்தான் கேட்டாள். "இன்டைக்கு ஏதும் தெரிஞ்சிச்சா மகள்?"

தினமும் "இல்ல மாமி" என்று சொல்லிப் பழகிய வாய்.

"ஓம் மாமி" என்றாள்.

உம்மு குல்சும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது, எங்கே, யார் அடக்கினார்கள் என்று கேட்டாள். பை பற்றி ஸல்ஹா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது தெரிந்தது. பிறகு உள்ளே போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். மடிப்புக் குலையாத வெள்ளைச் சீலை.

"பெருநாளுக்கு உனக்குப் பச்சை எடுத்த அன்டைக்கே இதையும் எடுத்திட்டன்" என்றாள். "அதே கடையில. உடு மகள்."

"மாமி, நாள் முடிஞ்சிட்டு. மௌலவி சொன்ன கணக்குக்குப் பதினாறு நாளாகிட்டு."

"மௌலவிட கணக்கு அல்லாஹ்வுக்கு. என்ட மகனுக்கு ஒரு நாளாவது இரு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம் போல வான் வந்து நின்றது. முத்தலிப் எஞ்சினை நிறுத்தவில்லை. லெப்டொப்பை இணைத்துச் சூடாக்கிவிடுவதற்காக ஒருநாளும் நிறுத்துவதில்லை. ஒரு முறை ஹோர்ன் அடித்தார். உள்ளறையில் ஸல்ஹா வெள்ளைச் சீலை உடுத்துப் பாயில் இருந்தாள். மாமி முற்றத்தில் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"அவ இன்டைக்கு வரமாட்டா முத்தலிப். என்ட மருமகள் இத்தா இரிக்கிறா."

வெளியே முத்தலிப் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. உள்ளே ஸல்ஹாவின் இரண்டு விரல்களும், மடியில் படிந்திருந்த வெள்ளைச் சீலையில் அழுந்தின.