தட்டு வைத்த டீ

ஆற்றுப்புதூர் தாலுகா அலுவலகத்து வராந்தா பெஞ்சில் ஜயலக்ஷ்மி அன்றும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறியவளுக்கு வழியெல்லாம் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கால் வலித்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவள் கணவர் வைத்தியின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, மகள் ஹம்ஸினியின் பள்ளிச் சான்று எல்லாம் இருந்தன. வாரிசுச் சான்றிதழ் வந்தால்தான் குடும்ப ஓய்வூதியம் வரும். கருணை அடிப்படையில் அவளுக்கு ஒரு வேலை கேட்பதென்றாலும் முதலில் அதுதான் வேண்டும்.

வைத்தி வேலை பார்த்ததும் இதே அலுவலகத்தில்தான். கூட்டம் கூட்டமாக ஆட்கள் தேடி வந்த மனிதர். ஒரு நாள் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அலுவலகமே திரண்டு வந்து நின்றது. அவரிடம் வேலை பழகிய மாரிக்கண்ணு தேம்பித் தேம்பி அழுதான். "எதுன்னாலும் என்னையக் கேளுங்க மாமி, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்தான் இப்போது வாரிசுச் சான்று பார்க்கும் எழுத்தர்.

அந்த மாரிக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போவதும் வருவதுமாக இருந்தான். கடைசியில் அவளே எழுந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"மாரிக்கண்ணு, இன்னிக்காவது ஆயிடுமா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமி. கிராம அதிகாரி அறிக்கையில ஒரு சின்ன விவரம் விட்டுப் போச்சு." அவன் பேனாவைத் திருகினான். "நீங்க எதிர்ல போயி ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்."

"எனக்கு டீ பழக்கமில்லை. ஆத்துலயே காபி குடிச்சாச்சு."

"பரவால்ல மாமி. ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க."

அவன் குரல் தாழ்ந்திருந்தது. அவளுக்குப் புரியவில்லை. வெயிலில் இறங்கி எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனாள். கடைக்கார அண்ணாச்சி அவளைக் கண்டதும் துண்டை உதறி பெஞ்சைத் துடைத்தார். அவள் நடந்ததைச் சொன்னதும் துண்டு அவர் கையிலேயே நின்றது.

"உங்ககிட்டயுமா கேட்டுட்டான்? சவத்துப்பய." அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லாட்டி உங்க காரியம் நடக்காது. அதனால சொல்லுதேன். காச என்கிட்டக் குடுக்கணும். நான் உங்க பேரச் சொல்லி உள்ள ஒரு டீ குடுத்து விடுவேன். தம்ளருக்கு அடியில தட்டு வச்சுப் போனா காசு வந்துட்டுன்னு அர்த்தம். வெறும் தம்ளரா போனா இன்னும் வரலன்னு அர்த்தம். உள்ள இருக்கவங்க யாரும் காசக் கையால தொடமாட்டாங்க."

"யார் கண்டுபிடிச்ச வழி இது?"

அண்ணாச்சி அடுப்பைப் பார்த்தார். "சார் வச்ச வழக்கம்தான் மாமி."

"எந்த சார்?"

"நம்ம வைத்தி சார்தான்."

ஜயலக்ஷ்மி கழுத்தில் கிடந்த சங்கிலி அன்றே வண்ணார்பேட்டை அடகுக்கடைக்குப் போனது. மறுநாள் தட்டு வைத்த டீ உள்ளே போயிற்று. விட்டுப்போன விவரம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. "சார் ஆத்மா சாந்தியடையும் மாமி" என்று சொல்லி அதை நீட்டினான் மாரிக்கண்ணு.

கணவர் சம்பளத்துக்கு மேல் கொண்டுவந்தது அவளுக்குத் தெரியாததல்ல. "மனுஷா சந்தோஷமாக் குடுக்கறா. நான் கையால தொடறதே இல்லை" என்பார் அவர். அவளும் அந்தப் பணத்தை முதலில் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பீரோவில் எடுத்து வைப்பாள். கொடுத்தவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கொடுத்துப் பார்த்தாயிற்று. அதில் சந்தோஷம் எங்கும் இல்லை.

இவ்வளவு பட்டவள் திருந்தியிருப்பாள் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. மறு வருஷம் அவளுக்கு அதே அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. முதியோர், விதவைகள் உதவித்தொகைப் பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவுக்கு மாரிக்கண்ணு பதவி உயர்ந்து வந்திருந்தான். வாரக் கடைசியில் ஓர் உறை தானாக அவள் மேஜை இழுப்பறைக்குள் வந்து கிடந்தது. முதல் தடவை திருப்பித் தள்ளினாள். "ஹம்ஸினிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்லா மாமி?" என்றான் மாரிக்கண்ணு. இரண்டாம் தடவை அவள் தள்ளவில்லை. அடகுக்கடைச் சங்கிலியை மீட்கும் வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சங்கிலி மீண்டது. உறையும் வந்துகொண்டே இருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை நேரத்தில் ஷரீபா பீவி என்ற பெண் அவள் மேஜைக்கு வந்தாள். பிறந்த ஊர் மேலப்பாளையம், வாழ்க்கைப்பட்டது ஆற்றுப்புதூர். பீடி சுற்றிப் பிழைப்பவள். புருஷன் இறந்துபோய், விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருந்தாள். நனைந்த சேலை முனையைப் பிழிந்தபடி நின்றாள்.

"எம் மனு என்னாச்சுன்னு பாக்கணும்மா."

ஜயலக்ஷ்மி மனுக் கட்டைப் புரட்டினாள். மனு இருந்தது. எல்லா அறிக்கையும் சேர்ந்திருந்தது. குறை ஒன்றுமில்லை. ஆனால் அவள் பேரில் தட்டு வைத்த டீ எதுவும் வந்திருக்கவில்லை. அவள் நிமிராமலே சொன்னாள்: "நீ எதிர்ல போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாயேன்."

ஷரீபா பீவி நகரவில்லை.

"அந்த டீய நான் எப்பவோ குடிச்சிட்டேன்மா. அய்யரு ஒருத்தரு இங்கன இருந்தாகள்லா, வைத்தி அய்யரு, அவுக இருக்கயிலயே குடிச்சிட்டேன். வீட்டுல நின்ன ரெண்டு ஆட்டையும் வித்துத்தான் குடுத்தேன். இந்தா வருது, அந்தா வருதுன்னாக. அதுக்குள்ள அவுக மவுத்தாயிட்டாக. பொறவு வந்தவுக, அது பழைய கணக்கு, புதுசாக் குடுன்னாக. குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?"

ஜயலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுக மவுத்தானத கேட்டு நான் அழுதேம்மா" என்றாள் ஷரீபா பீவி. "அவுகளுக்காவ அழல. எங் காசு எங்கன்னு கேக்க இனி ஆளில்லியேன்னு அழுதேன். எம் மவ எட்டாப்புல முதலாவதா வந்த பிள்ள. இந்தக் காசு மாசாமாசம் வந்தாப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாம்னு சொல்லிச் சொல்லியே நாளு போச்சு. இப்ப எனக்குச் சமமா உக்காந்து பீடி சுத்துதா. போன மாசம் டீச்சர் கால்ல போயி விழுந்தேன். வயசு தாண்டிட்டு, இனிச் சேக்க முடியாதுன்னுட்டாக. நீங்க நாளைக்கே உத்தரவு போட்டாலும் அந்தப் படிப்பு இனி வராதும்மா. வாயிக்கும் வயித்துக்கும் ஆவட்டும்னுதான் வந்திருக்கேன்."

பிறகு அவளே கேட்டாள்: "ஒங்களுக்கு அந்த அய்யரத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள் ஜயலக்ஷ்மி. "நான் அவரோட ஆத்துக்காரி."

ஷரீபா பீவி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். திட்டுவாள் என்று ஜயலக்ஷ்மி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவளோ பயந்துபோய்க் கைகூப்பினாள். "தெரியாமச் சொல்லிட்டேம்மா. மனுவ நிப்பாட்டிராதிய."

அந்தக் கும்பிடுதான் ஜயலக்ஷ்மியை நாற்காலியிலிருந்து எழுப்பியது. மனுவைக் கையில் எடுத்தாள். "வாங்கோ" என்றாள். அதுவரை நீ என்று பேசியவளுக்கு அந்த மரியாதை தானாக வந்தது. நேரே தாசில்தார் அறைக்குள் ஷரீபா பீவியைக் கூட்டிக்கொண்டு போனாள். தாசில்தார் காகிதங்களைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாத மனு ஏன் இத்தனை காலம் கிடந்தது என்று அவர் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மனுவுக்கு வழி செய்தாயிற்று. கட்டுக்குள் மற்ற மனுக்கள் அப்படியே கிடந்தன. அடுத்த வாரம் வந்த உறையை ஜயலக்ஷ்மி மாரிக்கண்ணுவின் மேஜை மீதே, எல்லாரும் பார்க்க வைத்தாள்.

"எனக்கு இனிமே வேண்டாம்."

மாரிக்கண்ணு சிரித்தான். "ரொம்ப நல்லது மாமி. ஆனா வைத்தி சார் வாங்கிப் போட்ட ஃபிரிட்ஜு, டி.வி.ய என்ன செய்யப் போறீங்க? தாமிரபரணியில போடப் போறீங்களா?"

அவள் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள். அன்று முழுக்க அந்தக் கேள்வியே அவளைக் குடைந்தது. தான் வாங்காமல் இருந்தால் தன் பங்கு இன்னொருவன் உறைக்குள் போகும், அவ்வளவுதான். அவள் நல்லவளாகிவிட்டதால் வராந்தாவில் நிற்கும் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகாது. இந்த அலுவலகத்தில் லஞ்சம் வாங்கும் தைரியமே எதில் இருக்கிறது என்று யோசித்தாள். மனுக் கொடுத்தவர்களிடம் கொடுத்ததற்கு அடையாளம் எதுவும் கிடையாது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதும் தெரியாது. முன்னால் வந்த மனு எது, பின்னால் வந்தது எது என்று உள்ளே இருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த இருட்டுக்குள்தான் வைத்தி தட்டை வைத்தார்.

திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு இந்தத் தாலுகாவிலிருந்து புகார்கள் போய்க் குவிந்துகொண்டிருந்தன. தாசில்தாருக்கு அதில் தலைவலி. ஜயலக்ஷ்மி அந்த நேரம் பார்த்துப் போய் நின்றாள். மனு வாங்கியதும் தேதியும் வரிசை எண்ணும் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்துவிடலாம், புகார் குறையும் என்றாள். என்னென்ன சேர்க்க வேண்டும், எவ்வளவு நாளாகும், கட்டணம் உண்டா இல்லையா என்பதை வராந்தாச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம் என்றாள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் நிலுவை மனுக்களை வராந்தாவில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும் என்றாள். தாசில்தார் நேர்மைக்கு உயிரை விடுகிறவர் அல்லர். தலைவலி தீர்ந்தால் போதும் என்று தலையசைத்தார்.

முதல் வாசிப்பு அன்று வராந்தா நிரம்பிவிட்டது. ஒவ்வொரு பெயராக, எந்தத் தேதியில் கொடுத்தது, யார் மேஜையில் இருக்கிறது என்று ஜயலக்ஷ்மி உரக்க வாசித்தாள். மாரிக்கண்ணுவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏலே, எம் பேரு மூணாவது இருக்கு, பொறவு வந்தவனுக்கு எப்பிடிலே முந்திக் கிடைச்சிது?" என்று கேட்டார். மாரிக்கண்ணு அவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பொங்கலுக்குள் அந்தப் பிரிவுக்குத் தட்டு வைத்த டீ வருவது நின்றுபோனது.

அதற்கான கூலியும் சீக்கிரம் வந்தது. அலுவலகத்தில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் கேட்ட விடுப்பு கிடைக்கவில்லை. வெளியிலிருந்தும் வசவு வந்தது. லஞ்சத்தைத் திட்டிக்கொண்டே கொடுத்துப் பழகிய ஊர்ப் பெரிய மனிதர்கள், "எங்களையும் கூலிக்காரங்களோட வரிசையில நிக்கச் சொல்லுதா" என்று மேலே போய்ச் சொன்னார்கள். கோடை பிறப்பதற்குள் அவளைப் பழைய ஆவணங்கள் அடுக்கும் பின்கட்டு அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. சுவரில் எழுதியதன் மேல் வெள்ளை அடித்தார்கள். வாசிப்பும் நின்றது.

ஆனால் சீட்டை அவர்களால் நிறுத்த முடியவில்லை. பின்கட்டு அறைக்குப் போன சில வாரங்களில் மாரிக்கண்ணு அவளைத் தேடி வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன பழக்கத்த மாமி ஏத்தி விட்டுட்டுப் போயிருக்கீங்க? சீட்டுக் குடுக்காம ஒரு கிழவி நகர மாட்டேங்கா. தேதி போடு, நம்பர் போடுன்னு உயிர எடுக்குதாங்க. இல்லன்னா நேரா கலெக்டர்ட்டப் போயிருவேங்காங்க. உங்களுக்கு என்ன கிடைச்சிது? இந்தத் தூசியும் இருமலுந்தான். அந்த ஷரீபா பீவி மவ இன்னும் பீடிதான் சுத்துதா. நீங்க நல்லவங்களாயி என்ன ஆச்சு?"

ஜயலக்ஷ்மி கையிலிருந்த ஆவணக் கட்டைக் கீழே வைத்தாள்.

"நான் நல்லவ இல்லை, மாரிக்கண்ணு. அந்தக் கொழந்தையோட படிப்பைத் தின்னவாள்ல நானும் ஒருத்தி. அதை என்ன பண்ணினாலும் திருப்பிக் குடுக்க முடியாது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுண்டேன். நல்லவா யாராவது வந்து உக்காருவான்னு காத்துண்டிருந்தா லஞ்சம் ஒழியாது. உக்காந்திருக்கறவன் கெட்டவனா இருந்தாலும் வாங்க முடியாதபடி வழியை அடைக்கணும். என்ன விதி, எத்தனை நாள்ங்கறது வாசல்ல நிக்கறவாளுக்குத் தெரியணும். அவா கையில தேதி போட்ட சீட்டு இருக்கணும். அதைக் கேக்கற வாயும் இருக்கணும். சுவத்துல எழுதினதை நீங்க அழிச்சுடலாம். கேக்கக் கத்துண்ட வாயை அழிக்க முடியாது. போங்கோ, அந்தக் கிழவி காத்துண்டிருப்பா. போய்ச் சீட்டை எழுதிக் குடுங்கோ."