கார்டு விழுந்திருக்கிறது

"உள்ளதான் இருக்காரும்மா," என்றார் செக்யூரிட்டி துரை. "நேத்து நைட் ஷிஃப்டுக்கு ஒன்பது அம்பத்திரெண்டுக்குக் கார்டு விழுந்திருக்கு."

பரிதாவுக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு நாளாக அவள் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. கணவன் தௌசிப்பிடம் செல்போன் இல்லை, போனஸுக்கு வாங்குவதாக இருந்தான். விடிவதற்குள் தாம்பரத்தில் முதல் ரயில் பிடித்து மறைமலை நகர் வந்திருந்தாள்.

"கொஞ்சம் கூப்பிட முடியுமா சார்?"

"மிஷின்ல இருக்கறப்ப கூப்பிட முடியாது. ஆறு மணிக்கு வருவாரு. இந்த ஒரு கேட்தான்."

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நீலச் சட்டைகள் வந்தன. தொப்பி, கழுத்துக்கு இறக்கிய மாஸ்க். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி கம்பெனி பஸ்ஸும் கிளம்பியது. தௌசிப் வரவில்லை.

துரை டைம் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"போயிட்டாரும்மா. ஆறு நாலு."

"நான் இங்கயேதானே நின்னேன்?"

"ஆறு நாலுன்னு தெளிவா அடிச்சிருக்கு." அவர் குரலில் எரிச்சல் இல்லை. அவளுக்காக வருந்துவது போலிருந்தது.

எதிர் டீக்கடையில் இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்தார்கள். தௌசிப்போடு ஒரே லைனில் வேலை செய்பவர்கள். ஆல்வின் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன். இன்னொருவன் குப்பன். அவள் சாலையைத் தாண்டிப் போனாள்.

"அவரு எங்க?"

ஆல்வின் கிளாஸைக் கீழே வைத்தான். "அண்ணி, சொல்லாம மூணு நாள் நின்னா காண்ட்ராக்டர் பேரை எடுத்துடுவான். அதனால எவன் வரலையோ அவன் கார்டை யாராவது அடிச்சிடுவோம். உங்க கல்யாணத்துக்கு அவன் அஞ்சு நாள் வரவே இல்ல. அட்டெண்டன்ஸ் ஃபுல்."

"அந்த வருசம் லீவே போடலன்னு டிபன் பாக்ஸ் வேற குட்த்தானுங்க," என்றான் குப்பன்.

யாரும் சிரிக்கவில்லை.

"அவரு மிஷினு?"

"பக்கத்து ஆளு ரெண்டையும் ஓட்டிக்குவான். பீஸ் கணக்கு சரியா வந்தா யாரும் கேக்கறதில்ல அண்ணி."

"எத்தனை நாளா அடிக்கிறீங்க?"

"செவ்வாய்ல இருந்து."

"இன்னாடா செவ்வாய்?" என்றான் குப்பன். "திங்களும் நான்தான் அட்ச்சேன்."

"திங்கள் அவன் வந்தானே. ஏழாம் நம்பர் பிரஸ்ல நின்னான், பாத்தேன்."

"அது பக்கத்து மிஷின் ஆளு அசரியாடா. தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிகினா எவன் மூஞ்சி தெரியுது?"

"சனி, ஞாயிறு?"

"நீ அட்ச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் அடிக்கலையே."

சாலையில் கார்களை அடுக்கிய லாரி ஒன்று போனது. எல்லாம் வெள்ளைக் கார்கள்.

"அண்ணி," என்றான் ஆல்வின், "நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

திங்கட்கிழமை என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் காலையில் ஏழரைக்கு வருவான். அவள் ஏழு மணிக்கே தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். இரவு ஒன்பதுக்குத் திரும்பும்போது அவன் போயிருப்பான். ஷிப்மெண்ட் என்று அவளுக்கு ஞாயிறும் வேலை, அவனுக்கும் வேலை. மூன்று வாரமாக இப்படித்தான். பாத்திரம் காலியாக இருந்தால் அவன் வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான்.

திங்கட்கிழமை பாத்திரம் காலியாக இருந்தது. மூடி தரையில் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அவசரமாகப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். பூனை வந்து தின்றிருக்கலாம் என்று அவள் நினைக்கவில்லை.

"தாம்பரத்துல தண்டவாளம் தாண்டித்தான் கம்பெனி பஸ்ஸுக்குப் போவாரு," என்றாள்.

ஆல்வின் எழுந்தான். "ரயில்வே போலீஸ்ல கேப்போம். கார்டு நாங்க அடிச்சதுன்னு எழுதித் தரேன்."

"டேய், அப்பால எல்லார் கார்டையும் நோண்டுவானுங்க. உன் வேலை பூடும்."

"போவட்டும்."

குப்பன் உட்கார்ந்தே இருந்தான்.

தாம்பரம் ரயில்வே காவல் நிலையத்தில் ஏட்டு ஆல்வின் சொன்னதைக் கேட்டார். அவன் எழுதிய தாளையும் வாங்கிக்கொண்டார். பிறகு பரிதாவைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து காணோம்?"

"திங்கள்," என்றாள்.

ஒரு நீளமான நோட்டை எடுத்தார். ரயிலில் அடிபட்டு, பெயர் தெரியாமல் போனவர்களின் நோட்டு. விரலை வைத்துக்கொண்டே படித்தார்.

"திங்கள்லேர்ந்து யாரும் இல்லம்மா. நல்ல சேதிதான். எங்கயாவது போயிருப்பாரு, வந்துடுவாரு."

ஆல்வின் மூச்சு விட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.

"முந்தின பக்கம் பாருங்க சார்."

"திங்கள்னுதானே சொன்னீங்க?"

"பாருங்க சார்."

அவர் ஒரு தாளைத் திருப்பினார். ஞாயிறு. சனி. விரல் கீழே இறங்கி நின்றது. ஒன்றுமில்லை.

"எது வரைக்கும்மா பாக்கறது?"

அவள் தௌசிப்பின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். தொப்பி வந்தது. நீலச் சட்டை வந்தது.

"திருப்புங்க சார்," என்றாள்.