இரண்டு பட்டியலிலும் உள்ளவர்

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். இருபத்தைந்து பேர் கிரிக்கெட் விளையாடுவார்கள், இருபது பேர் உதைபந்து, ஐந்து பேர் ஒன்றுமே விளையாடாதவர்கள். இரண்டும் விளையாடுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு நிமிடத்துக்குள் உங்களால் சொல்ல முடியுமா?

சுல்பிகாவுக்குப் பன்னிரண்டு விநாடி போதும். அவள் வட்டம் கீறி மினக்கெடுவதில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பது. ஆட்களோ நாற்பது. கூடின பத்துப் பேரும் இரண்டு தரம் எண்ணப்பட்டவர்கள். அவ்வளவுதான்.

"பத்து," என்றாள்.

"சரி. ஆனா இந்தப் பத்துப் பொடியனும் கிரிக்கெட்டும் அடிச்சி, உதைபந்தும் அடிச்சி, எப்ப கா படிக்கிற?" என்றாள் சிவரூபினி. கையில் மணிக்கூடு, மடியில் பழைய வினாத்தாள்கள். பாண்டிருப்பில் இருந்து வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வந்தவள். இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒன்றாகப் படிக்கிறார்கள், கிளார்க் வேலைக்கான அரசாங்கப் பரீட்சைக்கு. நாளைக்குத்தான் பரீட்சை. அடுத்த தரம் வைக்கும்போது சுல்பிகாவுக்கு வயது தாண்டிவிடும்.

தகரக் கொட்டில் கொதித்தது. கடல் ஊருக்குள் வந்து நாலு மாதமாகிறது. சுல்பிகா வெள்ளைச் சேலையில் இருந்தாள். புருசனை இழந்தவள் இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள்.

"மௌலவியிட்டக் கேட்டியா?"

"கேட்டனுப்பின. பகலுல கட்டாயத் தேவைக்குப் போகலாமாம். வெள்ளையோட, அலங்காரமில்லாம."

"அப்ப என்ன முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு இரிக்கா? சோதினை கட்டாயம்தானே."

சுல்பிகா பின்பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய மாமியார் சித்தி லைலா, நிவாரணத்தில் வந்த பையைக் கொட்டி உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுல்பிகாவின் புருசனான தன் மகன் இஸ்ஸதீன் மௌத்தாகிவிட்டான் என்பதை அவள் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை பொத்தக் கடற்கரைக்குப் போனவன் எங்கேயோ கரையேறி, நினைவு தவறி, யாரோ வீட்டில் இருக்கிறானாம். காணாமல் போனவர்களின் பட்டியலில் அவனுடைய பெயரை எழுதுவித்தவளும் அவள்தான். மருமகள் வெள்ளை உடுத்த நாளில் இருந்து ஒரே சண்டை. ஊர் வாய்க்குப் பயந்துதான் மாமி உடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி சுல்பிகா நாலு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

அது பொய். கடல் வந்த நாலாம் நாள் பள்ளிவாசலில் படங்களைக் காட்டினார்கள். யாரென்று தெரியாமல் அடக்கின ஜனாஸாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். நாற்பத்தோராவது படத்தில் முகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்பில் கட்டியிருந்த சாரனின் கரை தெரிந்தது. பாதி நீல நூல், பாதி பச்சை. நீலம் முடிந்துபோய் மிச்சத்தைப் பச்சையால் தைத்தவள் அவள்தான். என்ன கலர் என்றால் என்ன, கடலுக்குத்தானே போறன் என்று அவன் சிரித்தான். பக்கத்தில் நிற்கத் தெம்பில்லாமல் வாசற்படியில் குந்தியிருந்த மாமி, "இல்லதானே புள்ள?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "இல்ல மாமி," என்று சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே வெள்ளை உடுத்தாள்.

இப்போது அவன் இரண்டு பட்டியலில் இருக்கிறான். ஒன்றில் பெயராக, மற்றதில் இலக்கமாக. அரசாங்க அதிபரின் கச்சேரியில் இரண்டையும் கூட்டுகிறார்கள், ஒரு ஆள் கூடி வருகிறது. அந்த ஒன்றைக் கழிக்கத் தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான். நாலு மாதமாக அதைத் தனியே தூக்கிக்கொண்டு திரிந்ததில் முதுகெலும்புவரை களைத்துப்போயிருந்தாள்.

சிவரூபினி போன பிறகு சித்தி லைலா ஒரு சேலையை விரித்துப் பிடித்தாள். கத்தரிப்பூ நிறம்.

"நாளைக்கி இத உடுத்துக்கிட்டுப் போ புள்ள. நல்லா எழுது. வெள்ளையோட மட்டும் ரோட்டுல இறங்காத. ஊரே பாக்கும். அவன் வந்து, என்னை மௌத்தாக்கிப் போட்டீங்களா உம்மா எண்டு கேட்டா நான் என்னத்தச் செல்ற?"

போகாமல் விட்டால் வேலை இல்லை. கத்தரிப்பூவில் போனால் இத்தா முறியும், மாமியின் நம்பிக்கைக்கு அவளே கையெழுத்து வைத்தது போலவும் ஆகும். வெள்ளையில் போனால் இந்த மனுசியின் முகம். இதற்குக் கூட்டிக் கழிக்கிற வழி ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"மாமி, பள்ளியில படம் பாத்தன்."

"அதான் இல்லெண்டு சென்னியே."

"நாப்பத்தொண்டாவது படம். சாரன்ட கரையில பாதிக்குப் பச்சை நூல். நான் தைச்சது."

சித்தி லைலா சேலையை மடித்தாள். மடிப்புச் சரியாக வராமல் மறுகா விரித்து மடித்தாள்.

"பச்சை நூல் இந்த ஊருல எத்தின பேர்ட்ட இரிக்கும்."

"ஓம் மாமி. இரிக்கும்."

"அதத்தான் செல்றன்."

 அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. இரவு சோறு ஆக்கினது சுல்பிகா, மாமி தின்னவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுல்பிகா வெள்ளைச் சேலையோடு சிவரூபினியின் சைக்கிளில் ஏறினாள். சித்தி லைலா தகரத்தின் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பரீட்சை எட்டரைக்குத் தொடங்கியது.