மண்டை போன தென்னையில் முட்டை

1

இந்தக் கதை என் மனைவியின் ஏச்சிலிருந்து பிறந்தது. தேரூர்க் குளக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இடி விழுந்து மண்டை போன தென்னை ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. வைகாசி நடுவில் வரும் எடவப்பாதி மழைக்கு முன் வெட்டிவிடுகிறேன் என்று அந்த வீட்டுத் தாணுலிங்கம் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வெட்ட வந்த பொன்னுலிங்கம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சாரே, உள்ள முட்டை கெடக்கு. தடியும் மக்கிப்போச்சு. நான் இனி ஏற மாட்டேன், அடியில வெட்டிச் சாய்க்கலாம்."

இப்போது வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, நான் வீட்டுக்குள் போய் எழுத உட்கார்ந்தேன்.

"கதை எழுதினா மரம் நிமிந்திருமா?" என்றாள் மனைவி சுபிதா.

2

முதல் தொடக்கம்: 'தாய்ப்பறவை தன் சிறகுக்குள் முட்டைகளை அணைத்தபடி…'

தப்பு. அடித்துவிட்டேன், ஆனாலும் கிடக்கட்டும். இது சீழ்க்கைச் சிறகி. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டும் ஒரே செம்பழுப்பு, எது தாய் என்று எனக்குத் தெரியாது.

[அடிக்குறிப்பாக வைக்கவேண்டியது: வாத்து இனம்தான், ஆனால் மரமேறி. பகலெல்லாம் தாமரை இலைகளுக்கிடையே சும்மா கிடக்கும், அந்தியில் சீழ்க்கையடித்துக்கொண்டு வயலுக்குப் பறக்கும். இதன் குஞ்சுகள் இறக்கை முளைக்கக் காத்திருப்பதில்லை. பொரித்த கையோடு மரத்திலிருந்து குதித்துத் தண்ணீருக்கு நடக்கும்.]

3

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டுமே. தாணுலிங்கம் அண்ணனை எழுதிப் பார்த்தேன். 'கோடரியோடு வந்த அவர், கண்கள் சிவக்க…'

சை. அண்ணன் வந்தது கட்டன் சாயாவோடு.

"பொரிக்க எத்தனை நாளாவும், மக்கா?"

"மூணு வாரத்துக்கு மேல ஆவும். எப்ப இட்டுதுன்னு தெரியாதே அண்ணே."

மரத்துக்கு நேர்கீழே இருப்பது அவர் மகள் அபிதாவின் அறை. பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இதை நான் கட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். நானாக இருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டேன், எனக்குக் கொஞ்சம் தொழில் தெரியும்.

ஜன்னலிலிருந்து அவளே சொன்னாள்: "கெடக்கட்டும்பா. நான் முன்னறையில படுத்துக்கிடுதேன்."

அண்ணன் மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "காத்து பிடிச்சா வெட்டிரணும், கேட்டியா?" என்றார் என்னிடம். சரி என்றேன்.

4

முடிவு அ: மரத்தைக் கம்பி போட்டு எங்கள் கொல்லைப் பலாமரத்தோடு இழுத்துக் கட்டினோம். குஞ்சுகள் பொரித்தன. சுபம்.

(கட்டினோம், உண்மைதான். ஏணி எட்டிய உயரத்தில், மரத்தின் பாதியில். மேல்பாதியை அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.)

முடிவு ஆ: ஒரு ராத்திரி காற்றில்… மாட்டேன். எழுதமாட்டேன்.

5

இன்று மேற்கே கறுத்துவிட்டது. பொன்னுலிங்கம் போனில் கேட்கிறார்: "சாரே, மரம் அறுக்குற வாளோட வரட்டா? இன்னைக்கு விட்டா மழை கழிஞ்சுதான்."

வாரும் என்று சொல்ல வாய் எடுக்கும்போது மேலே சீழ்க்கை. மண்டையிலிருந்து பஞ்சுருண்டை ஒன்று ஓட்டில் விழுந்து தரைக்கு உருண்டது, எழுந்தது, குளத்தைப் பார்த்து நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. காக்கை ஒன்று இறங்கியது. அதை விரட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அபிதா மரத்தடிக்கே ஓடி வந்துவிட்டாள். மேலே இன்னும் எத்தனை இருக்கிறதோ. காற்று பிடித்துவிட்டது, கம்பி முறுகும் சத்தம் இங்கே கேட்கிறது.

பேனாவை வைக்கிறேன், நான் போய் அவளை இழுத்துக்கொண்டு வரவேண்டும். அதுவரை மரத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.