பட்டி பூசிய இடம்

பல்செட் செய்து கொடுப்பதால் தெருவில் எல்லாருக்கும் அவள் பல்லக்கா. புருஷன் இறந்த மறுவருஷம் பின்கொட்டகையை ஒழித்தபோதுதான், தார்ப்பாய்க்கு அடியில் துருவேறிக் கிடந்த அந்தக் குட்டி லேத்தைப் பார்த்தாள். மேசைமேல் வைத்து இரும்பு கடைகிற, கை நீள மெஷின். பெயர்த்தகடு போன இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம்.

பல்லை மெருகேற்ற உதவுமே என்றுதான் தொட்டாள். அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். பழைய கேட்லாக் படங்களைத் தேடிப்பிடித்து, துளைகளின் இடைவெளி, காலின் வளைவு, கைச்சக்கரத்தின் ஆரக்கால் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். நாலு மாதத்தில் விஷயம் பிடிபட்டது. இரண்டு லேத்துகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள். அடியில் நீளமாகக் கிடக்கும் பெட் ஒரு கம்பெனி. சுழலும் தலை வேறு கம்பெனி. உயரம் ஒத்துவராமல் நடுவில் தகடு சொருகியிருந்தது. அது புருஷனின் கைவேலை. தலையைப் பழைய சாமான் கடையில் அவர் வாங்கியபோது அவளும் கூட இருந்தாள், எதற்கென்றுதான் அப்போது தெரியவில்லை.

இதற்குள் நாத்தனார் காதுக்குச் சேதி போய்விட்டது. அது தன் அப்பாவின் லேத், அண்ணனுக்குச் சும்மா இரவல் கொடுத்தது என்று சொந்தக்காரர்கள் வீடு தவறாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்பாவின் சாமான்களையெல்லாம் அண்ணி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள் என்று அண்ணனின் சாவு வீட்டிலேயே வாய் கூசாமல் சொன்னவள் அவள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டியபோது, பெட்டின் அடிப்பக்கம் உளியால் குத்திய மூன்று எழுத்துகள் தெரிந்தன. மாமனாரின் பெயரெழுத்துகள். பல்லக்காவுக்குச் சாவு வீட்டுப் பேச்சு நினைவுக்கு வந்தது. எழுந்து, பள்ளம் அடைக்கிற பட்டியைக் குழைத்தாள். மூன்று எழுத்தையும் அடைத்து, தேய்த்து, மேலே சாம்பல் நிறம் அடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள், கூடவே ஒரு கடிகாரக்காரர். சின்ன லேத்துகளைப் பற்றி நாலும் தெரிந்தவர் என்று பெயர். நாத்தனார் உட்காரவில்லை. வைத்த தண்ணீரைத் தொடவில்லை. கடிகாரக்காரர்தான் குடித்தார்.

அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேலை சுத்தம் என்றார். பல்லக்காவுக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு அவர் மெஷினைச் சாய்த்து, அடிப்பக்கத்தை நகத்தால் தட்டினார். சத்தம் மாறியது.

"இங்க எதுக்கும்மா பட்டி போட்டீங்க? கண்ணுக்குத் தெரியாத இடத்துல யாரும் போட மாட்டாங்களே."

அவர் பேனாக்கத்தியால் சுரண்டினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

நாத்தனார் சத்தம் போடுவாள் என்று பல்லக்கா எதிர்பார்த்தாள். அவளோ தணிந்த குரலில், "எங்க அப்பா பேரையே பூசி மூடிட்டீங்களா, அண்ணி?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? பல்லக்காவுக்கு முகம் எரிந்தது. வெட்கம் நேராகக் கோபமாக மாறிற்று.

"உங்க அப்பா பேரு பெட்லதான் இருக்கு. மேல இருக்கிற தலை என் வீட்டுக்காரர் வாங்கினது. உன்னோடதை நீ எடுத்துக்கோ."

ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். இரண்டும் சேர்ந்தால்தான் லேத், பிரித்தால் இரண்டு இரும்புத் துண்டு என்று கடிகாரக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? தான் புதிதாகக் கடைந்து மாட்டிய கைச்சக்கரம், தான் தேடி வாங்கிய பல்சக்கரங்கள், பெல்ட் என்று ஒன்று விடாமல் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் பெட்டை நீட்டினாள். நாத்தனார் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அந்த பெட் நாத்தனார் வீட்டுப் பரண்மேல் பழைய போர்வைக்குள் கிடப்பதாகக் கேள்வி. பல்லக்கா ஒரு வருஷம் அலைந்து வேறு பெட் தேடினாள். கிடைத்ததில் உயரம் நகக்கனம் வித்தியாசம். அரத்தால் ராவி ராவிப் பொருத்தினாள். மெஷின் ஓடியது. ஆனால் ஓட ஓட ஒரு கீச்சுச் சத்தம். என்ன செய்தும் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் போன கடிகாரக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

ஒரு கல்யாணத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி வாய்த்துவிட்டது. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாத்தனார் கேட்டாள்:

"சத்தம் வருதாமே, அண்ணி?"

"வரட்டும்," என்றாள் பல்லக்கா.