பனி விழாத ஊரில் முப்பத்தாறு படிகள்

போர்ட் பிளேயரில் பனி கொட்டினால் கான்கிரீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். இந்தத் தீவுகளில் அது தெரிந்த ஒரே ஓவர்சீயர் நான்தான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்த ஞானம் எனக்கு 1966-ல் கிடைத்தது. சிம்லாப் பக்கத்து மலையொன்றில் ஒன்பது வருடம் ரோடும் படியும் போட்டுவிட்டு எங்கள் ஆபீசுக்குப் பெரிய இன்ஜினியர் சாப் ஒருவர் மாற்றலாகி வந்தார். ஆபீசின் பெயரும் வேண்டாம், சாபின் பெயரும் வேண்டாம். நல்ல மனிதர். லஞ்சம் கிடையாது, குடி கிடையாது. தலையில் முடியும் கிடையாது. மூக்குக்கு மேலே நெற்றி, நெற்றிக்கு மேலும் நெற்றிதான். பெட்டியில் கம்பளிக் கோட்டோடு ஒரு தடித்த புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். குளிர்ப் பிரதேசங்களில் கான்கிரீட் போடுவதற்கான விதிகள். கோட்டை அவர் இரண்டாம் நாளே கழற்றிவிட்டார். புத்தகத்தை மட்டும் கடைசிவரை கழற்றவில்லை.

முதல் வேலையாக மரைன் ஹில் படிக்கட்டைக் கையில் எடுத்தார். மேலே குவார்ட்டர்ஸ், கீழே ஹேடோ ரோடு, நடுவில் ஒரு வளைவோடு முப்பத்தாறு படி. பழைய படி மழையில் பாசி பிடித்து, அதற்கு முந்தைய வருடம் ஒரு டைப்பிஸ்ட் விழுந்து இடுப்பு ஒடிந்து மெயின்லேண்டுக்கே போய்விட்டார். வழுக்காத மேற்பரப்பாகப் புதுப் படி போட வேண்டும் என்றார் சாப். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கொத்தனார் வியாகுலம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலுக்குப் போனால் வாந்தி வரும் என்பதால் கரணை பிடித்தவர். அதைச் சொல்லி அவர் ஆட்களே அவரைக் கேலி செய்வார்கள். பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி ஹாஜிரிப் புத்தகத்தில் பெயர். அந்த வருடம் கொத்தனார்களில் இரண்டு பேரைப் பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. பெர்மனென்ட் ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைக்கும். வியாகுலத்துக்கு அது அவசரம். மின்னி பே கடற்கரையில் அவரும் மனைவி செல்வம்மாளும் இருந்த தகரக் குடிசை சர்க்கார் நிலத்தில் நின்றது. வருட முடிவுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் சாப். செல்வம்மாள் ஒருநாள் வந்து காலியாயிருந்த ஓர் அறையை ஜன்னல் வழியாகப் பார்த்து, அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டுப் போனாள்.

ஹேடோ ஸ்டோருக்குப் பின்னால் மூன்று மாதிரிப் பலகை வார்த்தோம். ஒன்று சிறு கூழாங்கல் வெளியே தெரியும்படி மேல்சாந்தைக் கழுவியது. ஒன்று ஆழமாகக் கோடு கீறியது. ஒன்று ஈரம் காயுமுன் தென்னங்குச்சி விளக்குமாற்றை லேசாக இழுத்துக் கோடு போட்டது. வியாகுலம் கூழாங்கல் பலகையின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலால் நடந்து காட்டினார். அவர் ஓட்டு அதற்குத்தான். சாப் குனிந்து கல்லின் இடுக்குகளைப் பார்த்தார். இடுக்கில் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் உறையும், உறைந்தால் உப்பிக் கல்லைப் பிய்த்துவிடும் என்றார். சிம்லாவில் அவர் கண்ணால் கண்டது அது. விளக்குமாற்றுக் கோடுதான் என்று தீர்ப்பானது. நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது பிரமோஷன் பேப்பர் மேலே போயிருந்தது. அந்த வருடம் முழுக்க என் தலை ஒரே திசையில்தான் ஆடியது.

பரவாயில்லை, கோடும் நல்லதுதான் என்றார் வியாகுலம். ஒழுங்காகச் செய்தால் பத்து வருடம் நிற்கும்.

மார்ச் மாதம் வேலை தொடங்கியது. ஒவ்வொரு நாளும் காற்றின் வெப்பத்தைக் குறிக்க ஓர் அச்சடித்த பாரம். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எழுதினேன். என் சர்வீஸில் நான் உண்மையாக நிரப்பிய பாரம் அது ஒன்றுதான்.

முதல் படி வார்த்தோம். எப்போது விளக்குமாற்றை இழுப்பது என்பதற்கும் புத்தகத்தில் கணக்கு இருந்தது: நாலு மணி நேரம் கழித்து. குளிர் ஊரில் கலவை இறுக அவ்வளவு நேரம் ஆகும். மரைன் ஹில் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே படி கல்லாகிவிட்டது. நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நாலு மணி நேரம் முடிந்ததும் வியாகுலம் எழுந்து முறைப்படி விளக்குமாற்றை இழுத்தார். ஒரு கீறல் விழவில்லை. மறுபடி இழுத்தார். குச்சிதான் உடைந்தது.

ஆட்களில் தெலுங்கரும் வங்காளிகளும் இருந்தார்கள். எல்லாருக்கும் புரியட்டும் என்று நான் இந்தியில் ஒன்று சொன்னேன்: மொட்டைத் தலையை வாரச் சொல்லிச் சீப்பைக் கொடுத்திருக்கிறார்கள், தலை யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். பிரமாதமான நகைச்சுவை இல்லை. ஆனால் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போதும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேலே வளைவில் சாப் நின்றுகொண்டிருந்தார்.

வார்த்தைகள் அவருக்குக் கேட்டிருந்தன. குரல் யாருடையது என்று தெரியவில்லை. இறங்கி வந்து, சொன்னது யார் என்று அமைதியாகக் கேட்டார். விளக்குமாறு வியாகுலத்தின் கையில் இருந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். சாபின் பார்வை விளக்குமாற்றில் விழுந்து, அதைப் பிடித்திருந்த கை வழியாக ஏறி, முகத்தில் போய் நின்றது. வியாகுலம் என்னைப் பார்த்தார். நான் பாரத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த முப்பத்திரண்டின் மேலேயே.

அன்று மாலை ஒரு மணி நேரத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று சாப் உத்தரவை மாற்றினார். ஆனால் ஒருமுறை இறங்கி வந்த மனிதர், அதுவும் சிரிப்புக்கு நடுவே இறங்கி வந்தவர், இரண்டாம் முறை இறங்க மாட்டார். அது எனக்கு மறுநாளே தெரிந்தது. புத்தகத்தின் அடுத்த விதி: வார்த்த கான்கிரீட்டை ஏழு நாள் வைக்கோலால் மூட வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டு விடக் கூடாது. விட்டால் உறைந்துவிடும். வங்காளிக் குடியிருப்பு வயல்களிலிருந்து லாரியில் வைக்கோல் வந்தது. லாரிக்குப் பின்னாலேயே ஹேடோ மாடுகளும் வந்தன. மாடு விரட்ட மட்டும் இரண்டு ஆள் போட்டோம்.

வியாகுலம் என்னிடம் வந்தார்.

"ஐயா, தண்ணி காட்டாம விட்டா மேல்தோலு பொடியா உதுந்துரும். கோடு ஒரு மழைக்குத் தாங்காது. பெறவு பழைய படிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சாபின் அறை வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மாட்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மேல் பதினெட்டுப் படியும் சாபின் வராந்தாவிலிருந்து தெரியும். வளைவுக்குக் கீழே உள்ள பதினெட்டும் தெரியாது. மலையடிவாரக் குழாயில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும்; மார்ச் மாதத்தில் அதற்கு ஊரே வரிசை. ஒருநாள் நான் சீக்கிரம் போனபோது, செல்வம்மாள் மின்னி பேயிலிருந்து நடந்து வந்து அந்த வரிசையில் நின்று, குடத்தை நிரப்பிப் புருஷனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கீழ்ப்படிகளின் வைக்கோலை விலக்கி, ஊற்றி, திரும்ப மூடினார். அவர்கள் வீட்டுக்குக் குடிக்க எடுக்க வேண்டிய தண்ணீர். என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள். நான் கடலைப் பார்த்தேன். பிறகு, "வைக்கோலை நல்லா அமுக்கி விடுங்க, ஈரம் தெரியுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று முழுவதும் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி உணர்ந்தேன். காட்டிக்கொடுக்காமல் இருந்ததையே வீரம் என்று எண்ணும் அளவுக்கு என் வீரத்தின் அளவுகோல் சின்னது.

மே மாதம் மழை பிடித்தது. ஆகஸ்டுக்குள் மேல் பதினெட்டுப் படியும் மாவாக உதிர்ந்து, கோடெல்லாம் போய்ப் பலகை மாதிரி ஆகிவிட்டன. அதன்மேல் பாசி, பட்டுச் சேலை விரித்தது போல. கீழ்ப் பதினெட்டில், கோடே விழாத அந்த முதல் படி போக, விளக்குமாற்றுக் கோடு ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஜனங்கள் கீழே சாதாரணமாக ஏறிவந்து, வளைவு தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் மெயின்லேண்டிலிருந்து மேலதிகாரி ஒருவர் கப்பலில் வந்தார். படி ஏறினார், வளைவில் நின்றார். ஒரே படிக்கட்டு ஏன் இரண்டு மாதிரி இருக்கிறது, எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வியாகுலத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் வேலையைப் பற்றி அவரிடமே கேட்கிறார்கள். தனக்குத் தெரிந்த இந்தியில் உள்ளதை உள்ளபடி சொன்னார்: கீழே தண்ணீர் விட்டேன், மேலே விடவில்லை, வந்து பாருங்கள் சாப், படியே சொல்லும்.

சாப் என்னிடம் திரும்பி, இது உனக்குத் தெரியுமா என்றார்.

"தெரியாது, சாப்" என்றேன்.

வியாகுலம் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் நழுவுவதற்கு அவர் பழகிவிட்டார்.

சாப் வியாகுலத்திடம் மெதுவாகச் சொன்னார்: உத்தரவை மீறியவனும் நீ, மொட்டைத் தலை என்று சொன்னவனும் நீ. வியாகுலம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் மேஜைமேல் இருந்த மசிக்கூட்டைப் பார்த்தேன். நல்ல கண்ணாடி மசிக்கூடு. இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

மறுநாள் ரிப்போர்ட் கையெழுத்துக்கு வந்தது. கீழ்ப் பதினெட்டுப் படிகள் விதிப்படி வைக்கோலால் உலர்வாகக் காக்கப்பட்டதால் சிறப்பாக உள்ளன. மேல் பதினெட்டில் கொத்தனார் அனுமதியின்றித் தண்ணீர் ஊற்றியதால் பரப்புக் கெட்டது. பொய்யென்று எதையும் புதிதாக எழுதவில்லை, பாருங்கள். மேலும் கீழும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். நான் ஆபீஸ் மசியில் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து எப்போதுமே அழகு.

அக்டோபரில் பட்டியல் வந்தது. வியாகுலம் அதில் இல்லை. ஹாஜிரியிலிருந்தும் பெயர் போயிருந்தது. நவம்பரில் என் பிரமோஷன் வந்தது. டிசம்பரில் சாபுக்கு மாற்றல்.

அதற்கு முந்தைய வாரம் வியாகுலம் என்னை ரோட்டில் நிறுத்தினார். வேலைக்குச் சொல்லும்படி கேட்பார் என்று மூன்று பதில் தயார் செய்தேன்.

"வேலை கேக்க வரல ஐயா. நான் ஒருத்தன் மூஞ்சியப் பாத்துக் கேலி பேசுத ஆளு இல்ல. என்னைய கேலி பேசுனவன் எத்தனையோ பேரு, அதான் தெரியும். அந்த மொட்டைப் பேச்சு என் பேச்சு இல்லன்னு மட்டும் சாப் போறதுக்குள்ள சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

வீட்டில் மனைவி நீலாவதியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஊர் சிரிக்கப் பேசத் தெரியுதுல்ல, ஒரு தடவை யாரும் சிரிக்காத மாதிரியும் பேசிட்டு வாங்க" என்றாள்.

ஹேடோ துறைமுகத்தில் சாபுக்கு மாலை போட்டோம். கூட்டம் விலகும் வரை காத்திருந்து, அருகே போய்ச் சொன்னேன். அன்று மொட்டைத் தலைக்குச் சீப்பு என்று சொன்னது வியாகுலம் இல்லை, நான்தான். பிரமோஷன் போனாலும் போகட்டும் என்று அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தேன்.

சாப் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பெரிதாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீயா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நல்ல ஜோக் என்று என் தோளில் தட்டி, பக்கத்தில் நின்ற இரண்டு ஆபீசர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் அதைச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். கப்பல் ஊதியது.

அங்கிருந்து நேரே மின்னி பேக்கு நடந்தேன். குடிசையின் கூரை பாதி பிரிந்திருந்தது. வியாகுலம் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். செல்வம்மாள் வெட்டவெளியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். உட்காரச் சொல்லி எனக்கு டீ கொடுத்தாள்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

வியாகுலம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "என்ன சொன்னாரு?"

வருத்தப்பட்டார் என்று சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்து வந்தேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாரோ?" என்றார்.

நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார். பிறகு அடுத்த தகரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை தரையில் இழுபட்டது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அதைப் பிடிக்கப் போனேன்.

"வேண்டாம் ஐயா. கையக் கிழிச்சிரும்" என்றார். "டீயக் குடிங்க."